யாழினிக்கு உரம் எடுத்த நாளிலிருந்து

ஆடி 5, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட வத்தல் முழுக்க மண். அலசிப் பார்த்தேன், சரிப்படவில்லை. கொட்டியாச்சு.

இன்றைக்கு:
கூழுக்குக் கேழ்வரகு அரைக்க (மில் 11 மணிக்குத்தான் திறப்பான்)
விளக்குத் திரி
பிரியாவுக்குப் பூண்டு
வெள்ளிக்கிழமை திருவேற்காட்டுக்கு மாடி வீட்டுச் செல்வி வருகிறாளா, கேட்கணும்

யாழினிக்கு உடம்பு சுடுகிறது. மூன்று நாளாகச் சளி, அதோடு சேர்ந்ததாக இருக்கும். ஐந்து மாதக் குழந்தை, தூக்கினால் பொக்கை வாயைக் காட்டும். இன்று தூக்கினால் வீறிடுகிறது. பாயில் விட்டால் அடங்குகிறது.

"எல்லாக் கொயந்தையும் தூக்குனாத்தானே அடங்கும்? இது இன்னா அத்தை, கீழ வுட்டா சும்மா கீது?" என்றாள் பிரியா. யாழினியைப் பெற்றவள், குமரனுக்குப் பெண்டாட்டி, அம்பத்தூரிலேயே பிறந்தவள், ஒன்றும் தெரியாது. குமரன் என் அண்ணன் பிள்ளை. பத்து வயதிலிருந்து நான் வளர்த்தவன். காலை ஷிப்டுக்குப் போய்விட்டான்.

"உரம் வுழுந்துக்கீதுடி," என்றேன்.

"அப்டீன்னா?"

"தூக்குறப்ப கயுத்து பிசகிக்கும். வேட்டில போட்டு உருட்டுனா வுட்டுடும். இந்தத் தெருவுல எத்தினி கொயந்தைக்கு எடுத்துக்கீறேன், கேட்டுப் பாரு."

என் வீட்டுக்காரர் இருந்தபோது கட்டின பழைய வேட்டி, உரம் எடுப்பதற்கென்றே சாமி அலமாரியில் மடித்து வைத்திருப்பது. ஒரு முனை நான், மறு முனை செல்வி. தாயே கருமாரி என்று சொல்லி, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. குழந்தை கத்தின கத்தலில் பிரியா காதைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாத பிரியா. சரோஜாக்கா கை வெச்சா பத்து நிமிசம். எம்பொண்ணுக்கு எடுத்து வுட்டாங்களே, ஏப்பம் வுட்டுட்டுத் தூங்கிச்சு," என்று செல்வி.

யாழினி வாந்தி எடுத்தாள். "பாத்தியா, உரம் வுட்டுடுச்சு," என்றேன்.

மதியம் பிரியா, டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாமா என்றாள். சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். கேழ்வரகு வேறு அரைக்கவேண்டியிருந்தது. சாயங்காலம் குழந்தை நல்ல தூக்கம். பாலுக்குக்கூட எழவில்லை. உரம் விட்ட அசதி.

திரி வாங்க மறந்தேன்.

ஆடி 6, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சு. மணி 3. நோட்டு பையில் இருந்தது. எழுதுகிறேன், எழுதாவிட்டால் வாய்விட்டுக் கத்திவிடுவேன்.

நடந்ததை வரிசையாக.

காலை 6. யாழினி இன்னும் தூக்கம். தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினேன். தலை தனியாக வரவில்லை. முதுகும் சேர்ந்து பலகை மாதிரி வந்தது. சரியாக விடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வேட்டி. செல்வி இன்னும் எழுந்திருக்கவில்லை, குமரன் குளித்துக்கொண்டிருந்தான், பிரியாவைத்தான் மறு முனை பிடிக்கச் சொன்னேன். பெற்றவளையே பிடிக்கச் சொன்னேன். இந்தத் தடவை குழந்தை கத்தக்கூட இல்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல்.

பிறகு உச்சிக்கு விளக்கெண்ணெய் வைக்கப் போனேன். பிறந்ததிலிருந்து தினமும் வைப்பது நான்தான். உச்சிக்குழி என் உள்ளங்கைக்குத் தெரியும். சின்னக் கிண்ணம் மாதிரி பள்ளம், உள்ளே டிக் டிக்கென்று துடிக்கும். இன்று பள்ளமே இல்லை. உப்பின பூரி மாதிரி எழும்பி நின்றது.

எண்ணெய்க் கிண்ணத்தைப் போட்டுவிட்டேன். "கொமரு! ஆட்டோ புடிடா!"

வழியில் யாழினிக்குக் கண் ஒரு பக்கமாக நின்றுவிட்டது. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிரியா போட்ட சத்தத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "கொயந்தைய ஒருச்சாச்சு புடிம்மா. வாயில ஒண்ணும் வெக்காத. நா எங்கயும் நிக்க மாட்டேன்." நிற்கவில்லை. சிக்னலிலும் நிற்கவில்லை. முகம்கூட ஞாபகம் இல்லை, நன்றாக இருக்கணும்.

பார்த்தவுடனே உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். லேடி டாக்டர், சின்னப் பெண், மூக்குக்கண்ணாடி. கேள்வி மேல் கேள்வி. காய்ச்சல் எப்போதிலிருந்து, பால் குடித்தாளா, வாந்தி எத்தனை தடவை. தடுப்பூசி அட்டையைக் கேட்டாள். பிரியா பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள், எல்லாம் போட்டிருக்கிறது.

"எல்லாக் கிருமிக்கும் ஊசி கெடையாதும்மா. கழுத்து எப்போலேர்ந்து இப்படி இருக்கு?"

குமரன் சொன்னான்: "இன்னிக்குக் காலைலேர்ந்து மேடம்." அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அப்படியே விட்டிருக்கலாம். பிரியா என்னைப் பார்த்தாள்.

"நேத்து காலைலேர்ந்தும்மா," என்றேன். "உரம்னு நெனச்சு ரெண்டு வாட்டி வேட்டில போட்டு உருட்டுனேன். இவ டாக்டராண்ட போலாம்னா. நாந்தான் வேணாம்னேன்."

டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டாள். "தல எங்கயாவது இடிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். அதையும் எழுதினாள். திட்டியிருந்தால் தேவலை.

மூளையைச் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதில் கிருமி. மருந்தை உடனே நரம்பில் ஏற்றிவிட்டார்கள். எந்தக் கிருமி என்று தெரிய முதுகில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க என்றாள்.

குமரன் பேனாவை வாங்கவில்லை. "வேணாம் மேடம். முதுவுல ஊசி போட்டா கால் வராம பூடும்."

"யார் சொன்னது?"

"எங்க அத்தைதான்."

ஆமாம், நான்தான். பிரியாவுக்குப் பிரசவத்தில் முதுகில் ஊசி போட்டார்கள் என்றதும், ஆயுசுக்கும் இடுப்பு நிமிராது, எங்கள் செய்யாறு பக்கம் ஒருத்தி நொண்டியாகவே போனாள் என்று தெருவெல்லாம் சொன்னேன். அந்த ஒருத்தி யார், பெயர் என்ன? எனக்கே தெரியாது. எவளோ என்னிடம் சொன்னாள். கை கால் வைத்து நான் சொன்னேன்.

"கொமரு, போடு கையெழுத்து. நா சொன்னது பொய்யி."

"இப்ப மட்டும் எப்டித் தெரியும் உனுக்கு?"

"எனுக்கு ஒண்ணுந் தெரியாதுடா. அதத்தான் சொல்றேன். அந்தப் பொண்ணுக்குத் தெரியும்."

டாக்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊசி போடும் இடம் எது, நரம்பு எதுவரை வருகிறது, பேப்பரில் கோடு போட்டுக் காட்டினாள். பார்த்தான். போட்டான்.

அந்தத் தண்ணீர் குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கணுமாம். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்ததாம்.

தாயே.

ஆடி 7, புதன்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை. புழுக்கம்.

உள்ளே பெற்றவளுக்கு மட்டும்தான் அனுமதி. நான் வராந்தா. முதல் மூன்று நாள் தாண்டணும் என்றாள் டாக்டர். பிழைத்தாலும் காது, கண், கை கால், எல்லாம் பிறகுதான் பார்த்துச் சொல்ல முடியுமாம்.

குமரன் டீ வாங்கி வந்தான். இரண்டு கப். ஒன்று பிரியாவுக்கு, ஒன்று அவனுக்கு.

சரிதான்.

பிரியா வெளியே வரும்போதெல்லாம் அவள் கையைப் பார்க்கிறேன். வேட்டி முனையைப் பிடித்த கை. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அத்தை, இட்லி சாப்டுங்க" என்கிறாள். இவளைப் போய் ஒன்றும் தெரியாதவள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

வேண்டுதல். மொட்டை அடிக்கிறேன் என்றால் எனக்கென்ன, இருப்பதே கொஞ்சம் முடி. மண்சோறு எத்தனையோ தடவை சாப்பிட்டாகிவிட்டது. பால்குடம் எடுக்கச் சந்தோஷமாகவே போவேன். இதெல்லாம் கொடுத்ததாகவே ஆகாது. எனக்குக் கஷ்டமானது எதுவோ அதைத்தான் கொடுக்கணும்.

வாய்.

இந்த வாய்தான் உரம் என்றது. சாயங்காலம் பார்க்கலாம் என்றதும் இதே. முதுகு ஊசிக் கதையைத் தெருவெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தாயே, குழந்தையைக் கொடு. உயிர் உள்ள வரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை பேச மாட்டேன். ஒரு சொல்கூட.

ஆடி 8, வியாழன், அமாவாசை

காலையில் இன்னொரு தடவை வலிப்பு. சின்னதாம். சின்னது பெரியது என்ன, வலிப்பு வலிப்புதான்.

கிருமி எது என்று தெரிந்துவிட்டது. நீளமான பெயர், குமரன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தான், வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. கொடுக்கிற மருந்து அதற்குச் சரியான மருந்துதான் என்று டாக்டர் சொன்னாளாம். பதினாலு நாள், நரம்பில். நடுவில் நிறுத்தக் கூடாது.

அவருக்கு இன்று படைக்கணும். எதுவும் செய்யவில்லை. கேன்டீன் பன்னைப் பிய்த்து மதில் மேல் வைத்தேன். காகம் வந்து தின்றது. கோபித்துக்கொள்ளவில்லை போல.

செல்வி போன் செய்தாள். "அக்கா, உரம் எடுத்ததாலதான் இப்டி ஆச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்க. நானும் ஒரு கை புடிச்சேன்னு எம்மேலயும் சேத்துச் சொல்றாங்க." அழுகிறாள். உரத்தால் வரவில்லை, கிருமியால் வந்தது, உரத்தால் ஒரு நாள் போயிற்று என்று சொன்னேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்கிறாள்.

காய்ச்சல் 102.

ஆடி 9, வெள்ளி

முதல் வெள்ளி. குமரனிடம் சைகை காட்டினேன். புரிந்துகொண்டானோ, கோபம் என்று நினைத்தானோ.

நர்ஸ் பெண் என்னிடம் ஏதோ சீட்டைக் கொடுத்து இரண்டு தடவை கேட்டாள். நான் தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். உள்ளே போய்ப் பிரியாவிடம், "பாவம், உங்க அத்தை ஊமையா?" என்று கேட்டாளாம். பிரியா சிரித்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் சொல்லும்போதும் சிரித்தாள், பாதியில் அழுதாள். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பெண் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

மதியம் காய்ச்சல் 100. ஐந்து நிமிடம் என்னை உள்ளே விட்டார்கள். முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார்கள். மூக்கில் குழாய், அதில் பால். கையில் ஊசி, அசையாமல் இருக்க அட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. இத்தனூண்டு கை.

நர்ஸிடம் கண்ணாலேயே கேட்டுக்கொண்டு உச்சியில் உள்ளங்கையை வைத்தேன். நேற்று எப்படி இருந்ததோ தெரியாது, செவ்வாய்க்கிழமை பூரி இல்லை. இறங்கி, லேசாகப் பள்ளம் தெரிந்தது. தொட்டுக்கொண்டே இருந்தேன். துடிக்கிறது. டிக் டிக்.

யாரிடம் சொல்வேன்? விளக்கு வைக்க இன்னும் நான்கு மணி நேரம். பிரியா எதிரில். கையைக் கவிழ்த்துக் காட்டினேன், அப்புறம் மெல்ல நிமிர்த்திக் கிண்ணம் மாதிரி குவித்தேன். மறுபடியும் காட்டினேன். அவள் என் கையையே பார்த்தாள். பிறகு ஓடிவந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஆடி 12, திங்கள், ஆடிப்பூரம்

மழை. வராந்தாவில் சாரல், பெஞ்சை நகர்த்தினோம்.

அம்மனுக்கு வளையல் சாத்தும் நாள். போக முடியவில்லை. பிரியா கையில் இருந்த கண்ணாடி வளையலை எண்ணினேன், மொத்தம் மூன்று. அதையே அவளுக்குச் சாத்தினதாக நினைத்துக்கொண்டேன்.

வலிப்பு நின்று நாலு நாள். காய்ச்சல் இல்லை. நேற்றிலிருந்து தாய்ப்பால் உறிஞ்சுகிறாள்.

குமரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சாப்டியா?"

"ம்."

பிறகு: "திங்கக்கெயமயே டாக்டராண்ட போலாம்னு பிரியா உன்னாண்ட சொன்னாள்ல?"

"ஆமாடா."

"எனுக்கும் போன் போட்டா. நா இன்னா சொன்னேன் தெரியுமா? அத்தை சொல்றாங்கல்ல, சும்மா இருன்னேன்."

எனக்கு இது தெரியாது. பிரியா சொல்லவே இல்லை.

"நீ சொன்னா நா வேற எப்டி யோசிப்பேன்? எனுக்கு மஞ்சக் காமால வந்தப்ப நீதான முதுவுல தூக்கிகினு ஓடுன," என்றான்.

அப்போது எங்கே ஓடினேன்? டாக்டரிடம்தான். எட்டு மைல். அன்றைக்கு இருந்த புத்தி.

டீ வாங்கி வந்தான். மூன்று கப்.

ஆடி 16, வெள்ளி

இரண்டாவது வெள்ளி. நர்ஸ் பெண்ணுக்கு இப்போது தெரியும். "இன்னிக்கு லீவா ஆன்ட்டி?" என்று வாயைக் காட்டிக் கிண்டல். சனிக்கிழமை வா, உனக்குச் சேர்த்து வைத்துப் பேசுகிறேன் என்று சொல்ல நினைத்தேன்.

யாழினி கண்ணைத் திறந்து பார்க்கிறாள். பிரியா எதிரில் வந்தால் காலை உதைக்கிறாள். இரண்டு காலும். இரண்டும் உதைக்கிறதா என்று பத்துத் தடவை பார்த்தேன். குமரன் நின்று பார்த்தான். "வருது கால்," என்றான். என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான்.

கேஸ் புக் பண்ணணும்.

ஆடி 20, செவ்வாய்

வீடு. திருமுல்லைவாயில் ரயில் சத்தம் கேட்டதும்தான் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. செல்வி ஆரத்தி எடுத்தாள். தெருவில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தியும் என்னிடம் பேசவில்லை. போகட்டும்.

யாழினி எடை குறைந்திருக்கிறாள். தலை நிற்பது மறுபடி ஆட்டமாக இருக்கிறது, தேறும் என்றாள் டாக்டர். வெள்ளிக்கிழமை காது டெஸ்ட். இந்த நோய் முதலில் கை வைப்பது காதில்தானாம்.

சாமி அலமாரியிலிருந்து வேட்டியை எடுத்தேன். துவைத்துக் கிழித்தேன். குழந்தைக்குக் கீழே போட எட்டுத் துணி வந்தது. நல்ல மெத்தென்ற துணி, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வத்தல் மறுபடி போடணும். காற்று அடங்கட்டும்.

ஆடி 23, வெள்ளி

விடியற்காலை தூறல். மூன்றாவது வெள்ளி.

காது டெஸ்ட்டுக்கு நால்வரும் போனோம். சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை ஒட்டினது மாதிரி. குழந்தை தூங்கணும், யாரும் சத்தம் போடக்கூடாது என்றார் அங்கிருந்தவர். என்னைத்தான் பார்த்துச் சொன்னார், முகத்திலேயே எழுதியிருக்கிறது போல. குமரன் சொன்னான், "சார், இன்னிக்கு இவங்க வாயே தொறக்க மாட்டாங்க."

தலையில் ஒயர் ஒட்டினார்கள். முக்கால் மணி நேரம். நான் மூச்சுவிட்டதே எனக்குக் கேட்டது.

இடது காது நன்றாகக் கேட்கிறது. வலது காது கேட்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு தடவை பார்க்கணுமாம். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்.

பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். குமரன், "ஒரு காது போதுமா சார், பேச்சு வருமா?" என்றான்.

"வரும். ஆனா நிறையப் பேசணும் குழந்தைகிட்ட. கேக்குற பக்கமா இருந்து, முகத்தப் பாத்துப் பேசணும். வீட்டுல யாராவது நல்லாப் பேசுறவங்க இருக்காங்களா?"

குமரனும் பிரியாவும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர்.

வீட்டுக்கு வந்து யாழினியைப் பாயில் போட்டோம். தூங்கினாள். மணி நான்கு இருக்கும், செல்வி மாடியிலிருந்து ஓடி வந்தாள், தோளில் குழந்தை.

"அக்கா, தூக்குனா அழுவுதுக்கா. உரந்தான். யாருக்கும் சொல்லல, சட்டுனு எடுத்து வுட்டுடு. வேட்டி எங்க?"

நெற்றியில் கை வைத்தேன். சுட்டது. உச்சியில் வைத்தேன், பள்ளமாகத்தான் இருந்தது. கழுத்துக்கடியில் கை கொடுத்தேன், தலை குனிந்தது. ஆனால் சுடுகிறதே. தெருப் பக்கம் கை காட்டினேன். ஆட்டோ ஓட்டுகிற மாதிரி காட்டினேன். மார்பில் டாக்டர் வைக்கிற குழாய் மாதிரி கை வைத்துக் காட்டினேன்.

"இன்னாக்கா சைகை காட்டிகினு கீற? வேட்டிய எடுக்கா!"

"வேட்டியும் கெடையாது ஒண்ணுங் கெடையாது!" என்றேன். "காய்ச்சல் கீதுடி கொயந்தைக்கு. காய்ச்சலோட வந்தா நா தொட மாட்டேன். வா, ஆட்டோல ஏறு!"

விரதம் போச்சு. நானும்தான் ஏறினேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன்.

டாக்டர் கழுத்தைப் பார்த்தார், உச்சியைப் பார்த்தார், காதில் விளக்கு வைத்துப் பார்த்தார். சளிக் காய்ச்சல். மருந்து எழுதிக் கொடுத்தார். குழந்தை பால் குடிக்காமலோ எழுப்பினால் எழாமலோ இருந்தால் உடனே வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது செல்வி வாசல்வரை திட்டிக்கொண்டே வந்தாள். "சும்மா இருந்தவள ஓட ஓட வெச்சியே. துணிகூட மாத்தல. நீ உருட்டியிருந்தா பத்து நிமிசத்துல தூங்கியிருக்கும். இன்னா பொம்பளையோ!"

திட்டட்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் திட்டட்டும்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருக்கிறது. தாயே, நீ கேட்டு நான் கொடுக்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். திருப்பி எடுத்துக்கொள்கிறேன். வேறு ஏதாவது கேள்.

யாழினி முழித்துக்கொண்டாள். இடது பக்கமாகப் போய்க் கூப்பிடணும்.